பத்து நிமிட டைமரும் அப்பாவின் பெட்டியும்

கையால் முறுக்குகிற டைமர் ஒன்றை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. சமையலறைக்கென்று செய்தது. வட்ட முகம், 60 வரை கோடுகள், நடுவில் திருகுவதற்கு ஒரு குமிழ். பேட்டரி கிடையாது. நான் இதைச் சமையலுக்கு வாங்கவில்லை. அப்பாவின் பெட்டியைத் திறப்பதற்காக வாங்கினேன்.

அப்பா போய் எட்டு மாதம் ஆகியும் அவருடைய காகிதப் பெட்டி அலமாரிக்கு மேலேயே இருந்தது. அவர் பெயரில் இருந்த கணக்குகளை மூட வேண்டும், அதற்கான தாள்கள் எல்லாம் அதற்குள்தான். ஞாயிறுதோறும் இன்றைக்குப் பார்த்துவிட வேண்டும் என்று எழுந்திருப்பேன். முதலில் மேசையைத் துடைக்கலாம் என்று தோன்றும், அப்புறம் துணியை மடிக்கலாம் என்று தோன்றும், அதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். தம்பி போனில் கேட்டால் "இந்த வாரம் பார்த்துடறேன்டா" என்பேன்.

சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபூஷியா சிராய்ஸ், டிமோதி பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையைப் பற்றி வாசித்தபோது வேறு மாதிரி புரிந்தது. ஒரு வேலையை நினைத்தாலே வருகிற சங்கடத்திலிருந்து அந்த நேரத்துக்குத் தப்பித்துக்கொள்ளத்தான் அதைத் தள்ளிப்போடுகிறோம் என்கிறார்கள். சரிதான். படிவம் நிரப்ப எனக்குத் தெரியும். பெட்டிக்குள் அப்பாவின் கையெழுத்து இருக்குமே, அதைப் பார்க்கத்தான் தெம்பில்லை.

1980களின் கடைசியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோவுக்குப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. பத்து நிமிடமாவது ஒழுங்காகப் படிக்க முடியுமா என்று தன்னோடு தானே பந்தயம் கட்டி, தக்காளி வடிவ டைமர் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டார். 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்கிற பொமொடோரோ முறை அதிலிருந்து வந்ததுதான். எல்லோரும் 25ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் அந்தப் பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

போனிலேயே டைமர் இருக்கிறதே என்று கேட்கலாம். அதையும் பார்த்தாயிற்று. டைமர் வைக்கப் போனை எடுப்பேன், ஏதோ ஒரு செய்தி வந்திருக்கும், அரை மணி நேரம் போய்விடும். இதில் அந்த வழியே இல்லை. முறுக்கும்போது விரலுக்குக் கீழே ஸ்பிரிங் இறுகுவது தெரிகிறது. கையை எடுத்ததும் டிக் டிக் ஆரம்பித்துவிடும். அது ஓட ஆரம்பித்த பிறகு சும்மா நிற்க எனக்கு முடியவில்லை.

முதல் நாள் பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தேன். மேலேயே ஒரு கவர், அதில் 'முக்கியம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் காய்ந்துபோயிருந்தது, தொட்டதும் அறுந்து விழுந்தது. மூடிவிடலாம் என்று கை போனது. டைமரைப் பார்த்தேன், இன்னும் ஆறு நிமிடம். ஆறு நிமிடம்தானே என்று உட்கார்ந்தேன். அழுதேன், அழுதுகொண்டே தாள்களை மூன்று கட்டாகப் பிரித்தேன். மணி அடித்தபோது இரண்டாவது கவர் பாதியில் இருந்தது. அப்படியே விட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் யாரும் சொல்லாமல் அந்தப் பாதிக் கவருக்குத்தான் கை போனது. பாதியில் நிறுத்தப்பட்ட வேலைக்கு மனிதர்கள் தாமாகவே திரும்புவதை மரியா ஓவ்சியங்கினா என்ற உளவியலாளர் 1928லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார். அதனால் இப்போதெல்லாம் வேண்டுமென்றே பாதியில்தான் எழுந்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நேராக 10க்குத் திருப்பினால் சில சமயம் வழியிலேயே நின்றுவிடுகிறது, மணியும் அடிப்பதில்லை. முதலில் 60 வரை முறுக்கிவிட்டு 10க்குத் திரும்பி வந்தால் ஒழுங்காக ஓடுகிறது. 25 வைத்தால் கிட்டத்தட்ட 26க்கு அடிக்கிறது. நிமிடம் பிசகாமல் வேண்டுமென்றால் இது சரிப்படாது. பின்னால் உள்ள காந்தம் பலவீனம், இரண்டு முறை கீழே விழுந்துவிட்டது. பக்கத்தில் குழந்தை தூங்கினால் டிக் டிக் தொந்தரவுதான், மணியோ காதைக் கிழிக்கும். நான் அடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருக்கிறேன்.

சுவாரசியமாகப் போகிற வேலைக்கு இது வேண்டாம், நடுவில் மணி அடித்து எரிச்சல்தான் வரும். தொடங்கவே முடியாமல் கிடக்கிற வேலை ஒன்று உங்களிடம் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

கணக்குகள் எல்லாவற்றையும் போன வாரம் மூடியாயிற்று. பெட்டியின் அடியில் அம்மாவுக்கு அப்பா எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. அவற்றைப் படிக்க உட்காரும் அன்று டைமரை முறுக்கப் போவதில்லை.