கண்மாய்ப் படகில் ஆறு தூண்டில்: கவ்வி ராட் ஹோல்டர் தாங்குமா?

பத்தடி நீளம், நாலடி அகலத்தில் அடி தட்டையான ஒரு ஃபைபர் படகு, இரண்டு பேர், ஆறு ராட் (தூண்டில் கோல்). மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் ஜிலேபி மீன் பிடிக்க இதற்கு மேல் எதுவும் வேண்டாம். ராட்டைப் படகில் நிறுத்திவைக்க ஆன்லைனில் பரவலாக விற்பது கவ்வி வகை ராட் ஹோல்டர். கறுப்பு நைலான் உடம்பு, கீழே திருகி இறுக்கும் கவ்வி, மேலே ராட் பிடியைச் செருகும் தொட்டி, நடுவில் கோணத்தை மாற்றப் பல் வைத்த மூட்டு. பொருளில் பெரிய குறை இல்லை. வாங்கினவர்கள் அதை மாட்டுகிற இடத்தில்தான் குறை. படகு விளிம்பில் நேராக மாட்டினால் ஒரு சீசன்கூட நிம்மதியாக ஓடாது. ஒரு பலகையில் மாட்டினால் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

காரணம் எளிது. ஃபைபர் படகின் விளிம்பு உருண்டையானது. தட்டையான கவ்வி அதை இரண்டு கோடுகளில் மட்டும்தான் தொடும். பத்தடி ராட்டின் நுனியை மீன் ஒரு கிலோ விசையில் இழுக்கிறது என்று வைப்போம். ராட் வளைந்து கொடுப்பதால் நெம்புதூரத்தை ஐந்தடி, அதாவது அறுபது அங்குலம் என்றே கணக்கிடலாம். கவ்வியின் வாய் இரண்டு அங்குலம். அப்படியானால் கவ்வி ஓரத்தில் ஏறுவது முப்பது கிலோ. அந்த விசையில் கவ்வி மெல்லச் சுழலும், ராட் சாயும், பக்கத்து ராட்டின் நரம்போடு (தூண்டில் இழையோடு) சிக்கிக்கொள்ளும். பயந்துபோய் இன்னும் இறுக்குவார்கள். அப்போது திருகுக் குமிழ் வெடிக்கும், இல்லையென்றால் ஃபைபரில் கீறல் விழும்.

ஆறேழு ராட்டைப் படகின் முன்பக்கம் விசிறிபோல் விரித்து மெதுவாக ஊர்ந்துபோகும் இந்த முறை வட அமெரிக்க ஏரிகளில் கிராப்பி மீனுக்காகப் பழகியது. அங்கே இதை ஸ்பைடர் ரிக்கிங் என்பார்கள். ஏரிக்கு மேல் சிலந்திக்கால் விரித்த மாதிரி இருக்கும். கிராப்பி நம் தண்ணீரில் இல்லை. அது கூட்டமாக, ஏறக்குறைய ஒரே ஆழத்தில் நிற்கும். அந்த ஆழத்தைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை ராட். நம் ஜிலேபியும் கூட்டமாக மேயும், உள்ளங்கை அளவில் கிடைக்கும். அதனால் முறை அப்படியே பொருந்துகிறது. ஒரு வித்தியாசம்: கிராப்பியின் வாய் காகிதம்போல் மெல்லியது, ஓங்கிச் சுண்டினால் கிழியும். ஜிலேபிக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் கொத்து மிக மெலிது. ராட்டின் நுனி மட்டும் மென்மையாக இருக்கட்டும்.

இனி பலகை. 18 மி.மீ. மரைன் பிளைவுட், நாலரை அடி நீளம், ஆறு அங்குல அகலம். வெட்டிய ஓரங்களில் இரண்டு கை எபாக்ஸியோ வார்னிஷோ பூசுங்கள். தண்ணீர் பிளைக்குள் இறங்குவது ஓரத்தின் வழியாகத்தான். முன்பக்க விளிம்புகளின் மேல் குறுக்காக வைத்து, இரண்டு பக்கமும் 8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட், கீழே பெரிய வாஷர், இடையில் ஒரு துண்டு சைக்கிள் டியூப். ஓட்டை விளிம்பில் மட்டும்தான். நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு துளையும் கூடாது. மர ஸ்க்ரூவை ஃபைபரில் ஏற்றாதீர்கள், அதிர்வில் ஓட்டை பெரிதாகி ஸ்க்ரூ தானே கழன்று வரும்.

ஹோல்டர்களுக்கு நடுவே பத்து அங்குலம். ஆறு ஹோல்டருக்கு ஐந்து இடைவெளி, ஐம்பது அங்குலம். இரண்டு ஓரத்திலும் இரண்டு அங்குலம் மிச்சம். உட்கார்ந்தவர் எழாமலே கடைசி ராட்டை எட்டிப் பிடிக்கலாம். சிறிய படகில் இதுதான் முக்கியம், ஏனென்றால் எழுந்து நிற்கும்போதுதான் கவிழும். ஒவ்வொரு ராட்டுக்கும் இடையே சுமார் 25 டிகிரி விரியுங்கள். பத்தடி ராட்டில் நுனிக்கு நுனி நாலடிக்கு மேல் வரும், நரம்பு சிக்காது. நுனி தண்ணீருக்கு மேல் ஒன்றரை அடி. அதற்கு மேல் தூக்கினால் காற்று நரம்பை வில்லாக வளைக்கும், கொத்து தெரியாது.

பல் மூட்டைக் கவனித்து வாங்குங்கள். பல் பெரிதாக, எண்ணிக்கை குறைவாக இருப்பது நல்லது. நுண்ணிய பல் வைத்தவை கடையில் அழகாகத் திரும்பும். மணல் புகுந்ததும் தேய்ந்து, சுமை ஏறும்போது ‘கடக்’ என்று ஒரு பல் தாவும். கவ்விக்குள் இருக்கும் ரப்பர் மதுரை வெயிலில் இறுகி வழுக்கும். அதைப் பிய்த்துவிட்டு டியூப் துண்டு ஒட்டுவது ஐந்து நிமிட வேலை.

கவ்வியே வேண்டாம் என்பவர்களுக்கு பிவிசி பைப் போதும். ராட்டின் பிடி தளர்வாக நுழையும் பைப், ஒன்பது அங்குலத் துண்டு, மேல்வாயில் ரீலின் (நரம்பு சுற்றும் உருளையின்) கால் உட்கார முக்கால் அங்குல அகலத்தில் இரண்டு அங்குல வெட்டு. வெட்டின் ஓரத்தைக் கண்டிப்பாகத் தேய்த்து மழுங்கடியுங்கள், இல்லையேல் நரம்பை அறுக்கும். கோணத்தை மாற்ற முடியாது, அதுதான் குறை. வெயில் பட்டுப் பட்டு நொறுங்காமல் இருக்க பெயின்ட் அடிக்க வேண்டும். கோணம் ஒரு முறை சரியாக அமைந்துவிட்டால், கவ்வியைவிட இதையே சிபாரிசு செய்வோம்.

இருக்கை விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் படகில் வைப்பது ஆபத்து: உயரம் அதிகம், நாலு காலும் வழுக்கும். தரையிலிருந்து ஓரடிக்குள் இருக்கட்டும், முதுகு சாய ஒரு பலகை இருக்கட்டும். சுழலும் இருக்கை சுகம்தான். ஆனால் அடித்தட்டை பலகையோடு போல்ட் போட்டால் மட்டுமே.

முன்னால் ஒருவர் ராட் பார்க்க, பின்னால் ஒருவர் துடுப்போ மோட்டாரோ பார்ப்பதுதான் எடைக்குச் சரி. இருவரும் முன்னால் உட்கார்ந்தால் மூக்கு அமிழும். 30 பவுண்ட் உந்துவிசை மின்மோட்டார் முழு வேகத்தில் ஏறக்குறைய 30 ஆம்பியர் இழுக்கும். நமக்கு வேண்டியது நடையைவிட மெதுவான ஊர்தல், சுமார் 10 ஆம்பியர். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியை மட்டும் செலவழித்தால் நாலைந்து மணி நேரம். பேட்டரி 25 கிலோவைத் தாண்டும். அதைப் படகின் நடுவில் கட்டிவையுங்கள், பியூஸ் இல்லாமல் இணைக்காதீர்கள். சிறு கண்மாய்க்குத் துடுப்பே போதும், மோட்டார் வீண்செலவு. எதில் போனாலும் காற்றுக்கு எதிர்முகமாகவே போங்கள். காற்றோடு போனால் படகு நரம்பின் மேல் ஏறிவிடும். ஆடிக்காற்றில் ஊர்தலை விட்டுவிட்டு முன்னும் பின்னும் நங்கூரம் போட்டு நிற்பதுதான் வழி. கொக்கி நங்கூரம் கண்மாய்க்கு ஆகாது: தண்ணீருக்கடியில் கிடக்கும் சீமைக்கருவேலக் கட்டைகளில் மாட்டினால் கயிற்றை அறுத்துவிட்டுத்தான் வர வேண்டும். எட்டு கிலோ மணல் நிரப்பிய சாக்கு போதும். கயிறு, ஆழத்தைப்போல் மூன்று மடங்கு.

ஓட்டத்தில் நரம்பு கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்க 10 முதல் 15 கிராம் ஈயம். தூண்டில் முள் எட்டாம் எண் அல்லது பத்தாம் எண், மண்புழுவில் அரை அங்குலத் துண்டு. முழுப் புழு கோத்தால் வாலைத் தின்றுவிட்டுப் போகும். தொடக்கத்தில் ஒன்றுவிட்டு ஒரு ராட்டை மூன்றடியிலும் மற்றதை ஐந்தடியிலும் இறக்குங்கள். எந்த ஆழத்தில் இரண்டு மூன்று மீன் தொடர்ந்து ஏறுகிறதோ, ஆறையும் அங்கே கொண்டுவாருங்கள்.

தண்ணீரில் இறங்கும் முன் கண்மாயின் மீன்பாசி குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வைகை அணை, சாத்தையாறு அணை என்றால் துறை அனுமதி வாங்காமல் படகு இறக்காதீர்கள். லைஃப் ஜாக்கெட் உட்காரும் இடத்தில் அல்ல, உடம்பில்.

கடைசியாக, எந்த ஹோல்டர் பெட்டியிலும் வராத ஒன்று: ஒவ்வொரு ராட்டின் பிடியிலிருந்தும் பலகைக்கு நாலடி நைலான் கயிறு. ஜிலேபிக்குப் போட்ட தூண்டிலில் மூன்று கிலோ கட்லா மாட்டினால், டிராக் (ரீலிலிருந்து நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிடிப்பு) இறுக்கமாக இருக்கும் பட்சத்தில் ராட் தொட்டியிலிருந்து நேராக உருவிப் போய்விடும். நரம்பைக் கையால் இழுத்தால் ஓடும் அளவுக்கு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், கயிற்றையும் கட்டுங்கள்.