பழைய ‘டாக்டர் ஹூ’ டிவிடிகள்: வருடக்கணக்கில் பார்த்த பிறகு

காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் ‘டாக்டர்’ என்பவரைப் பற்றிய பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடர் ‘டாக்டர் ஹூ’. அதில் 2005-க்குப் பிறகு வந்ததைத்தான் பலரும் பார்த்திருப்பார்கள். நான் சொல்வது 1963 முதல் 1989 வரை பிபிசியில் ஓடிய பழைய தொடர். அதன் பிரிட்டிஷ் டிவிடிகளைப் பல வருடங்களாக வாங்கிப் பார்த்துவருகிறேன்.

முதலில் ஒன்று. டிவிடிகளை எந்த நாட்டுப் பிளேயரில் ஓட்டலாம் என்பதற்கு ரீஜன் எண் உண்டு. அவை ரீஜன் 2. இந்தியாவோ ரீஜன் 5. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் இல்லையென்றால் காசு வீண்.

செட் ஆடுகிறது, பூதத்துக்கு ரப்பர் தோல் என்று கிண்டல் செய்வார்கள். சரிதான், ஆனால் அது சீக்கிரமே பழகிவிடும். பழகாதது கதையின் வேகம். ஒரு பகுதி சுமார் 25 நிமிடம். வாரத்துக்கு ஒன்று என்று பார்ப்பவர்களுக்காக எழுதியது. ஆறு பகுதிக் கதையை ஒரே மூச்சில் பார்த்தால், மாட்டுவதும் தப்பிப்பதும் மறுபடி மாட்டுவதுமாக அலுத்துப்போகும். இரவுக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் அதே கதை சூடுபிடிக்கும்.

இத்தனை வருடம் விடாமல் வாங்கியதற்குக் கதையைவிடப் பெரிய காரணம், படத்தை மீட்டிருக்கும் விதம். 60, 70களில் பிபிசி பழைய வீடியோ டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியது. டேப் விலை அதிகம். வீட்டில் வாங்கி வைத்துப் பார்ப்பார்கள் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. தப்பியவற்றில் பல, வெளிநாட்டுக்கு விற்பதற்காக டிவி திரையையே 16 மி.மீ. ஃபிலிமில் பிடித்த பிரதிகள்.

1971-இல் வந்த ‘தி மைண்ட் ஆஃப் ஈவில்’ கலரில் எடுத்தது. மிஞ்சியது கருப்பு வெள்ளை ஃபிலிம்தான். ஆனால் கலர் சிக்னல் அந்த ஃபிலிமில் பொடிப்பொடிப் புள்ளிகளாகப் பதிந்திருந்தது! அந்தப் புள்ளிகளைக் கணினியில் படித்தே நிறத்தைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். முதல் பகுதிக்கு அந்த வழி இல்லாததால் கையால் வண்ணம் சேர்த்தார்கள். முதல் இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

தொலைந்த பகுதிகளுக்கும் ஒலி மட்டும் இருக்கிறது. ரசிகர்கள் அன்றே வீட்டில் டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார்கள். ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ கதையின் பெரும்பகுதி நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கிடைத்ததாக 2013-இல் அறிவித்தார்கள். மூன்றாம் பகுதி மட்டும் வரவில்லை. முதலில் வந்த டிவிடியில் அந்தப் பகுதியை நிழற்படங்களையும் ஒலியையும் வைத்து ஒப்பேற்றியிருந்தார்கள். பிறகு வந்த பதிப்பில் அனிமேஷன். எனக்கு நிழற்படமே மேல். அனிமேஷனில் முகங்கள் மரக்கட்டையாக இருக்கின்றன.

தகவல் சப்டைட்டில் என்று ஒரு வசதி உண்டு. எந்தக் காட்சி எங்கே, எப்போது எடுத்தது என்று படத்தின் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் முறை பார்க்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். முதல் முறையே போட்டால் கதை கெட்டுவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 1979-இல் வந்த ‘சிட்டி ஆஃப் டெத்’ போதும். நான்கே பகுதி, பாரிஸ் தெருக்கள், டாக்டராக டாம் பேக்கர், எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் கைபட்ட வசனம். 1963-லிருந்துதான் வரிசையாகப் பார்ப்பேன் என்று அடம்பிடித்த நண்பர்கள் யாரும் 1965-ஐத் தாண்டவில்லை.