ரெண்டு நாய்க்கும் ஒரே இடத்துல சாப்பாடா, தனித்தனியாவா?

வீட்ல ரெண்டு நாய் இருந்தா பக்கத்து பக்கத்துல தட்டு வெச்சிடறதுதான் ஈஸி, ஒரே தடவைல வேலை முடிஞ்சிடும், சிந்துனத துடைக்கிறதும் ஒரே இடம். ஆனா லேப்ரடார் ஒண்ணு தன்னோடத லபக்குன்னு முழுங்கிட்டு, நிதானமா சாப்பிடற சிப்பிப்பாறை தட்டுக்கு மூக்க நீட்டும் பாருங்க, அங்கதான் பிரச்சினை. மெதுவா சாப்பிடறது தலைய தூக்காம அப்படியே விறைச்சு நிக்கும், கண்ணோரத்துல வெள்ளை தெரியும், அப்புறம் உறுமும். உறுமுனதுக்கு திட்டாதீங்க, அது வார்னிங், அத அடக்கிட்டா அடுத்த தடவ உறுமாமயே கடிச்சிடலாம்.

தனித்தனின்னா ஒண்ணு கிச்சன்ல, ஒண்ணு ஹால்ல, நடுவுல கதவ சாத்திட்டு, தட்ட எடுத்தப்புறம்தான் தொறக்கணும். அலைச்சல்தான், ஆனா போட்டி இல்லாததால அவசரமா முழுங்கறது குறையும், எது சாப்பிடாம விட்டுச்சுன்னும் தெரியும், மாத்திரை கலந்து குடுக்கற நாள்ல இது ரொம்ப முக்கியம். என் ஓட்டு இதுக்குதான்.

விளையாட ஒண்ணா விடலாம், எலும்பு, தீனி எல்லாம் எடுத்து வெச்சிட்டு. சாப்பிட்ட உடனே மட்டும் வேணாம், கிரேட் டேன் மாதிரி நெஞ்சு ஆழமான பெரிய நாய்க்கு வயிறு உப்பி முறுக்கிக்கற ஆபத்து இருக்கு, ஒரு மணி நேரமாவது படுக்கட்டும்.