மாடி வீட்டுக்கு வைஃபை: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிள் இழுத்த ஆக்சஸ் பாயின்ட்டா?

கீழ்வீடும் மேலே இரண்டு மாடியும் உள்ள வீடுகளில் இன்டர்நெட் பெரும்பாலும் கீழே ஹாலில், டிவிக்குப் பக்கத்தில்தான் வந்து இறங்குகிறது. அங்கிருந்து இரண்டாவது மாடி அறைக்குப் போக, கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம் இரண்டைத் தாண்ட வேண்டும். வைஃபை அலைவரிசைகளில் (பேண்ட்) 2.4 கிகாஹெர்ட்ஸ் எப்படியோ ஏறிவிடும், 5 கிகாஹெர்ட்ஸ் முதல் தளத்திலேயே பாதி செத்துவிடும். விலை கூடின ரவுட்டர் வாங்கினாலும் பெரிதாக மாறாது, ஏனென்றால் மேலே இருக்கும் ஃபோன் பதில் அனுப்பும் பலம் அதே பலம்தான்.

கீழ் ரவுட்டரின் சிக்னலை நடுவில் வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர்தான் மலிவு. ஆனால் வாங்கிய அதே ரேடியோவில் திருப்பி அனுப்புகிற வகை என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். சிக்னலே வராத அறையில் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள், அதுவும் வீண், நல்ல சிக்னல் இன்னும் மிச்சமிருக்கும் படிக்கட்டுத் திருப்பத்தில் வைக்க வேண்டும். ஒரே அறையில் ஃபோன் பார்க்க மட்டும் என்றால் போதும்.

கரன்ட் லைன் வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மூன்று ஃபேஸ் வீட்டில் கீழே ஒரு ஃபேஸ், மேலே வேறு ஃபேஸ் என்றால் பெரும்பாலும் சொதப்பும்.

வாடகை வீட்டுக்கு, சுவரைத் தொட முடியாத இடத்துக்கு, பல பெட்டிகள் ஒயர் இல்லாமல் தங்களுக்குள் பேசி ஒரே வைஃபையாக ஓடும் மெஷ் நல்ல தேர்வு. ஆனால் இரண்டு பேண்ட் மட்டும் உள்ள மெஷ்ஷில் பெட்டிகள் தங்களுக்குள் பேசுவதும் உங்கள் ஃபோனோடு பேசுவதும் பொதுவாக ஒரே ரேடியோவில்தான், மேல்மாடிக்குப் பெட்டி விட்டுப் பெட்டி இரண்டு தாவல் என்றால் அங்கே வேகம் நன்றாகவே குறையும். பெட்டிகள் பேசிக்கொள்ள இன்னொரு ரேடியோ உள்ள டிரை-பேண்ட் எடுத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும், விலையும் ஏறும். பல மெஷ் பெட்டிகளுக்குப் பின்னால் லேன் போர்ட் இருக்கிறது, பிறகு எப்போதாவது கேபிள் இழுத்தால் அதில் செருகிக்கொள்ளலாம், அதனால் போர்ட் இல்லாததை வாங்காதீர்கள்.

சொந்த வீடு என்றால் என் ஓட்டு மாடிக்கு ஒரு கேட்-6 நெட்வொர்க் கேபிளும், அதில் வரும் நெட்டை அங்கே வைஃபையாக விடும் ஒரு ஆக்சஸ் பாயின்ட்டும்தான். 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் குறையாமல் வரும், எத்தனை மாடி என்றாலும் தாவல் கணக்கே கிடையாது. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் பழைய கேபிள் டிவி பைப் சும்மா கிடந்தால் அதிலேயே இழுத்துவிடலாம், ஆனால் கரன்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் வேண்டாம். முழுச் செம்புக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது கேபிள் வழியே கரன்ட் அனுப்பும்போது சூடாகும். வேலை முடிந்ததும் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எட்டுக் கம்பியும் உள்ளே தெரிய வேண்டும். நாலை மட்டும் கிரிம்ப் பண்ணியிருந்தால் நெட் வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது, ஆள் போன பிறகு காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு லாபம், கேபிளிலேயே கரன்ட் தரும் பிஓஇ சுவிட்சையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் வைத்துவிட்டால் கரன்ட் போனாலும் எல்லா மாடியிலும் வைஃபை ஓடும். மெஷ் என்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் அப்படி ஒரு பிளக் பாயின்ட் தேட வேண்டும்.

பழைய ரவுட்டர் இருந்தால் அதையே ஆக்சஸ் பாயின்ட் ஆக்கலாம்: அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, 192.168.1.2 மாதிரி கீழ் ரவுட்டரோடு மோதாத முகவரி கொடுத்து, கேபிளை லேன் போர்ட்டில் செருகுங்கள். எல்லா மாடிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். 2.4-இல் சேனல் 1, 6, 11 என்று மாடிக்கு ஒன்றாகப் பிரித்து, சிக்னல் பவரை நடுத்தரத்துக்கு இறக்குங்கள். எதில் ஒட்டிக்கொள்வது என்று முடிவு செய்வது ஃபோன்தான், கீழ் ரவுட்டர் பலமாகக் கத்தினால் மேலே போன பிறகும் அதை விடாது.

வீடு இப்போதுதான் கட்டுகிறீர்கள் என்றால், சென்ட்ரிங் வேலையின்போதே மாடிக்கு மாடி கூரை நடுவிலிருந்து டிவி சுவர் வரை ஒரு காலி பைப் போடச் சொல்லுங்கள், இழுக்கிற ஒயரை உள்ளேயே விட்டுவைத்து.