எம்பிரஸ்ஸா கிளாஸ்ட்ரலா? மொத தடவை கேன்யன் இறங்குற நம்மூரு புள்ளைங்களுக்கு

போன ஞாயித்துக்கிழமை திற்பரப்புல குளிச்சிட்டு தலை தொடச்சிக்கிட்டு நிக்கும்போது எங்க சித்தி மவன் கேட்டான், அண்ணே ஜனவரியில சிட்னி போறேன், நீங்க அங்க இருந்தப்போ கயித்துல தொங்கி அருவிக்குள்ள இறங்குனீங்கல்லா, நான் மொதல்ல எதுக்குப் போவ, எம்பிரஸ்ஸா கிளாஸ்ட்ரலான்னு. எம்பிரஸ்தான் மக்கா, யோசிக்கவே வேண்டாம்னு சொன்னேன். ஆனா காரணம் சொல்லாம விட்டா இவன் வீடியோ பாத்துட்டு நேரா கிளாஸ்ட்ரலுக்குத்தான் போவான், அதான் விளக்கமா எழுதுறேன்.

ரெண்டுமே கேன்யன், அதாவது தண்ணி ஓடுற ஒடுங்கின பாறைப் பிளவு, சிட்னிக்கு மேக்க ப்ளூ மவுண்டன்ஸ்ல இருக்கு, 2000ல உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்த காடு. பாறை பூரா மணற்கல்லு. இது நம்மூரு பாறை மாதிரின்னு நெனச்சிறாதீங்க. மருந்துவாழ் மலையில கைய வெச்சா இரும்பு மாதிரி நிக்கும், அங்க வெரலால தேச்சாலே மணல் உதிரும், நனைஞ்சா இன்னும் பலம் கொறையும். கயிறு ஒரே எடத்துல ஓடி ஓடி பாறை விளிம்புல பள்ளம் விழுந்து கெடக்குறத நானே பாத்துருக்கேன். அந்த மணலு கயித்துல ஏறிச்சின்னா உப்புத்தாள் மாதிரி, நம்ம கையில இருக்குற அலுமினியம் டிசெண்டரையே, அதான் கயித்துல இறங்கும்போது வேகத்த அடக்குற கருவிய, தேச்சிரும்.

எம்பிரஸ் கேன்யன் வென்ட்வொர்த் ஃபால்ஸ் ஊருக்குப் பக்கத்துல. சிட்னியில இருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர், ட்ரெயின்லயே போயிரலாம். கொஞ்சம் நடந்து தண்ணிக்குள்ள இறங்குனா சின்னச் சின்ன குதிப்பு, நீச்சல், வழுக்குப் பாறை, கடைசியில ஒரே ஒரு பெரிய இறக்கம், ஏறக்குறைய 30 மீட்டர், அருவி கூடவே. அரை நாள்ல முடிஞ்சிரும். கீழ நடைபாதை இருக்கறதால ஆளுங்க நின்னு பாப்பாங்க, ஏதாவது ஒண்ணுன்னா ஆள் பக்கத்துலயே இருக்கும், எனக்கு இது பெரிய விஷயம்.

கிளாஸ்ட்ரல் வேற ரகம். மவுண்ட் டோமா பக்கம், ஒரு முழு நாள். ஒடுங்கின இருட்டுப் பிளவுக்குள்ள மூணு அருவி இறக்கம் ஒண்ணு பின்னால ஒண்ணா வரும், மூணாவது இறக்கம் பாறையில இருக்குற ஒரு ஓட்டை வழியா. அழகுன்னா அப்பிடி ஒரு அழகு, ரெண்டு பக்கமும் செவுரு, நடுவுல பச்சை வெளிச்சம், இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஆனா மொத இறக்கம் முடிஞ்சி கயித்த உருவிட்டா திரும்ப ஏற வழி கெடையாது, முன்னால போய்த்தான் ஆவணும். தண்ணி ஐஸு, வெயில் படாது, நீச்சல் முடிஞ்சி நிக்கும்போது பல்லு அடிக்கும், அந்த நெலமையில முடிச்சு போடணும், அடுத்தவன் முடிச்சப் பாக்கணும், கடைசியில செங்குத்தா ஏறி வெளிய வரணும். நாலஞ்சு கேன்யன் பாத்தவனுக்கு அது சொர்க்கம், மொத தடவை போறவன் பாதியில ஒடம்பு விட்டுருவான்.

இன்னொண்ணு மழை. இது நம்மாளுங்களுக்கு சொல்லிக் குடுக்க வேண்டியதே இல்ல. பேச்சிப்பாறையில தண்ணி தொறந்தா திற்பரப்புல குளிக்க விடமாட்டான், இங்க வெயில் அடிச்சாலும் மேல மலையில மழைன்னா தண்ணி கலங்கி வரும்னு சின்ன வயசுலேயே தெரியும். அங்கயும் அதே கணக்குதான், ஆனா கரை கெடையாது, ரெண்டு செவுருக்கு நடுவுல நிக்கோம். ஜனவரி அங்க கோடை, மத்தியானத்துக்கு மேல இடி மழை வரும். மழைக்கு வாய்ப்புன்னு சொன்னா கிளாஸ்ட்ரல் பக்கமே போகாதீங்க, எம்பிரஸும் வேண்டாம், ஊரச் சுத்திப் பாருங்க. மண் சரிஞ்சி பாதைய மூடி வெக்கறதும் உண்டு, கெளம்பறதுக்கு முன்னால நேஷனல் பார்க்ஸ் சைட்ல பாத்துக்கணும்.

இனி டிசெண்டர், ஃபிகர் எய்ட்டா (எட்டு வடிவத்துல இருக்குறது) ட்யூப்பான்னு (கயித்த மடிச்சி உள்ள விடுற சின்னக் குழாய் மாதிரி) ஒரு சண்ட எப்பவும் உண்டு. காஞ்ச பாறைக்கு எனக்கு ட்யூப்தான், கயிறு முறுக்காது, பிடி நல்லாருக்கும். ஆனா ஈரமும் மணலுமா இருக்குற கயித்துல ட்யூப் விட்டு விட்டு இழுக்கும், எட்டு சீரா ஓடும், கயித்த முறுக்கும்ங்கறது அதோட கொற. எம்பிரஸ் மாதிரி நீள அருவிக்கு நான் எட்டுதான் எடுப்பேன். எதுவா இருந்தாலும் தலைமுடிய ஹெல்மெட்டுக்குள்ள கட்டி வெக்கணும், பெண் புள்ளைங்க முக்கியமா, முடி டிசெண்டருக்குள்ள சிக்குனா நடு அருவியில நின்னுருவீங்க.

கயித்து நுனி விஷயத்த கைடு சொல்லும்போது கவனமா கேளுங்க. காஞ்ச இறக்கத்துல நுனியில முடிச்சு போடுவோம், தெரியாம நழுவிறக் கூடாதுல்லா. கீழ ஓடுற தண்ணின்னா அந்த முடிச்சே எமன், டிசெண்டர்ல மாட்டி தண்ணிக்குள்ள கெட்டிப் போட்ட மாதிரி ஆயிரும். அதனால நுனி தண்ணிய தொடுற அளவுக்கு மட்டும் விட்டு, முடிச்சு இல்லாம, கடைசியில அப்பிடியே உருவி விழுந்து நீந்திப் போற மாதிரி வெப்பாங்க. கீழ நிக்கறவன் கயித்த இழுத்துப் பிடிச்சா மேல உள்ளவன் நிப்பான், அருவிச் சத்தத்துல குரல் கேக்காது, எத்தன விசிலுக்கு என்ன அர்த்தம்னு மேலேயே பேசி முடிச்சிரணும்.

எம்பிரஸ் விளிம்புல பின்னால சாயுறதுதான் கஷ்டம். நான் மொத தடவை பயத்துல பாறையோட ஒட்டிக்கிட்டேன், கால் வழுக்கி மொழங்கால் அடிச்சிது, ரெண்டு வாரம் வீக்கம். கால அகட்டி வெச்சி, இடுப்ப ஹார்னஸுல (இடுப்புலயும் தொடையிலயும் மாட்டுற வார்) உக்கார வெச்சி, பாதம் முழுசா பாறையில படணும். தண்ணி தலையில விழும்போது தாடைய நெஞ்சோட சேத்தா ஹெல்மெட்டுக்கு அடியில கொஞ்சம் காத்துக்கு எடம் கெடைக்கும், அங்க மூச்ச விட்டுக்கிட்டே மெதுவா இறங்கலாம்.

தம்பி எம்பிரஸுக்குன்னு ஒத்துக்கிட்டான். வாடகைக்கு வெட்சூட், அதான் குளிர் தாங்குற ரப்பர் உடுப்பு, எடுக்கும்போது 5 மில்லிமீட்டர் தடிமன் கேளு, மெல்லிசு குடுத்தா வாங்காதேன்னு சொல்லிருக்கேன், குமரிக்காரன் ஒடம்புக்கு அந்தத் தண்ணி கோடையிலயும் குளிருதான்.