பாம்பேயியா, கீழடியா? எத மொதல்ல படிக்கலாம்

பழைய ஊர் ஜனங்க எப்டி பொழச்சாங்கன்னு படிக்க ஆசப்படுற நம்ம ராயபுரம் பசங்களுக்கு நான் மொதல்ல சொல்றது இத்தாலில இருந்த பழைய ரோமானிய ஊரு பாம்பேயிதான், ஏன்னா கி.பி. 79ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சு சாம்பல் மூடினதுல எட்டு துண்டா கோடு போட்ட ரொட்டி கூட கருகி அப்டியே கெடச்சிருக்கு, செவுத்துல இன்னாருக்கு ஓட்டு போடுங்கன்னு பெயிண்ட்ல எழுதினது வேற, தண்டையார்பேட்டைல எலெக்சன் டைம்ல பாக்குற மாதிரியே.

கீழடி அப்டி இல்ல. சுட்ட மண் வளையத்த அடுக்கிக் கட்டின உறைகிணறு, நூல் நூக்குற தக்களி, வெளயாட்டுக்காய்னு துண்டு துண்டா கெடச்சத வெச்சு வீட்டுக்குள்ள இன்னா நடந்துச்சுன்னு நாமளே கோத்துப் பாக்கணும், பொறுமை வோணும். ஆனா வீட்ல பொழங்குற பானைல ஆதன், குவிரன்னு பேரு கீறி வெச்சிருக்காங்க பாருங்க, எனக்கு அதான் மனசுக்கு நெருக்கம். 2023ல அங்க மியூசியமும் தெறந்துட்டாங்க, படிச்சிட்டு எக்மோர்ல ரயிலேறி மதுரைல எறங்கி ஒருவாட்டி பாத்துட்டு வாங்க.