ஹீலியத்தை வெளியேற்றுவதா, உள்ளே விடாதிருப்பதா: ரோலெக்ஸ் சீ-டுவெல்லரும் ஒமேகா புளோபுரோஃபும்

கடலடியில் நாள்கணக்கில் தங்கி வேலை செய்யும் முறை 1960-களில் வளர்ந்தபோது, கைக்கடிகாரங்களுக்குப் புதியதொரு சிக்கல் வந்து சேர்ந்தது. பேராழத்தில் நைட்ரஜன் மயக்கம் தரும் என்பதால், முக்குளிப்பாளர்கள் உயரழுத்த அறைக்குள் ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த வாயுவைச் சுவாசித்தபடி வாழ்ந்தார்கள். நீரைத் தடுக்கும் ரப்பர் வளையங்களையும் ஊடுருவும் அளவுக்கு நுண்ணியது ஹீலியம். அது மெல்ல மெல்லக் கடிகாரத்துக்குள் சேர்ந்துவிடும். பணி முடிந்து அறையின் அழுத்தத்தைக் குறைத்து வரும்போது, அதே வேகத்தில் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்து முட்டி, கண்ணாடியையே பெயர்த்துத் தள்ளிவிடும். கடல் உடைக்காத கடிகாரத்தை உலர்ந்த அறைக்குள் ஒரு வாயு உடைத்தது.

ஜெனீவாவின் ரோலெக்ஸ் இதற்குக் கண்ட விடை எளிமையானது. கடிகாரக் கூட்டின் பக்கவாட்டில், உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைக் குறிப்பிட்ட அளவு மிஞ்சினால் தானே திறக்கும் ஒருவழி வால்வைப் பொருத்தினார்கள். 1967-இல் பிறந்த சீ-டுவெல்லர் 610 மீட்டர் ஆழத்துக்கு ஏற்றதாக இருந்தது. லெ லோக்ல் ஊரின் கடிகார நிறுவனமான டோக்ஸாவும் ஏறத்தாழ அதே காலத்தில் இவ்வழியில்தான் சென்றது.

பியேன் நகரத்தின் ஒமேகா நேரெதிர்த் திசையில் சிந்தித்தது. வாயு உள்ளே புகவே முடியாவிட்டால் அதை வெளியேற்றும் தேவை ஏது? 1971-இல் விற்பனைக்கு வந்த சீமாஸ்டர் 600, அதாவது புளோபுரோஃப், பின்மூடியே இல்லாமல் ஒரே எஃகுத் துண்டில் குடைந்து செய்யப்பட்டது. சாவித் திருகு இடப்புறத்தில் இருக்கும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே நேரம் கணிக்கும் வெளிவளையம் சுழலும் என்பதால், கைபட்டுக் கணக்கு மாறிவிடும் ஆபத்து இல்லை. சந்தைக்கு வருமுன்பே, 1970-இல் கோர்சிகாத் தீவின் அழாக்ஸியோ வளைகுடாவில், ஆழ்கடல் முக்குளிப்புப் பணிகளைச் செய்யும் பிரெஞ்சு நிறுவனமான கோமெக்ஸ் 250 மீட்டர் ஆழத்தில் நடத்திய பணியில் இது சோதிக்கப்பட்டது.

பொறியியல் நேர்மையில் என் வாக்கு புளோபுரோஃபுக்கே. நோயை வரவிட்டு மருந்து தருவதைவிட வராமல் காப்பது மேல். ஆனால் தோற்றம் பருமனானது, இயந்திரத்தைப் பழுதுபார்க்க முன்புறக் கண்ணாடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சீ-டுவெல்லரோ அன்றாடம் அணியத்தக்க வடிவில், வழக்கமான பின்மூடியுடன் இருந்தது. மார்செய் நகரத்தின் கோமெக்ஸும் 1970-களில் ரோலெக்ஸைத்தான் தன் ஆட்களுக்குக் கொடுத்தது. அவர்களுக்கென்றே ரோலெக்ஸின் இன்னொரு முக்குளிப்புக் கடிகாரமான சப்மரைனரும் வால்வு பொருத்தித் தயாரானது.

புளோபுரோஃப் அந்தப் பத்தாண்டுடன் நின்றுபோனது. 2009-இல் 1200 மீட்டர் திறனுடன் அது மீண்டும் வந்தபோது, முன்பு தேவையில்லை என்று ஒதுக்கிய அதே ஹீலியம் வால்வைத் தாங்கி வந்ததில் எனக்கு மெய்யாகவே வருத்தம் உண்டு. ஏனெனில் அடைத்துக் காக்கும் வழி முட்டுச்சந்தாக இருக்கவில்லை: 1975-இல் ஜப்பானின் சீகோ, டைட்டானியக் கூட்டுடன் வால்வே இல்லாத 600 மீட்டர் கடிகாரத்தைச் செய்து, அதே வழியில் தொடர்ந்து நடந்தது.